களவா மீனும் கடல் கடந்த விருந்தும்

நெடுங்காலம் போர்ட் பிளேர் என வழங்கி, 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற நகரில், ஜங்லிகாட் என்னும் மீன்துறை உள்ளது. அங்கு வந்திறங்கும் மீன்களுள் ஒரு பகுதி உள்ளூர்ச் சந்தைக்குச் சென்று அன்றே சமையலாகிவிடுகிறது. மற்றொரு பகுதி பனிக்கட்டி நிரப்பிய பெட்டிகளில் அடுக்கப்பட்டு, கப்பலிலோ விமானத்திலோ சென்னையை அடைந்து, அங்கிருந்து கீழ்த்திசை நாடுகளுக்கு ஏற்றுமதியாகிறது. இவ்வாறு பயணப்படும் மீன்களில் முதன்மையானது களவா. தமிழகக் கடற்கரையில் கலவாய் எனவும் வழங்கும் இம்மீனை வணிகர் ‘ரீஃப் காட்’ என்றும் ‘குரூப்பர்’ என்றும் குறிப்பர். அகன்ற வாயும் தடித்த உதடும் புள்ளிகளோ பட்டைகளோ பொருந்திய உடலும் கொண்டது. பவளப்பாறையின் இடுக்குகளில் மறைந்திருந்து, அருகே வரும் சிறு மீனையும் நண்டையும் ஒரே வாயில் விழுங்குவது.

இம்மீனை உண்போர் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் இருக்கின்றனர். எந்த நிறத்து மீன், எவ்வளவு பருமனான மீன் தட்டில் வரவேண்டும் என்று அவர்கள் விரும்புகின்றனரோ, அவ்விருப்பமே விலையாக மாறி, அந்தமான் மீனவரின் தூண்டிலைக் குறிப்பிட்ட இடத்துக்கும் குறிப்பிட்ட மீனுக்கும் செலுத்துகிறது. வேறு மீனாயிருப்பின் இதனால் பெருங்கேடு விளையாமற் போகலாம். களவாவின் உடலமைப்பும் இனப்பெருக்க முறையும் தனிப்பட்டவை ஆதலின், நுகர்வோரின் விருப்பம் அதன் சந்ததியையே தாக்கக்கூடியதாக உள்ளது. மீன்துறைக் களப்பணியாளரும் பள்ளி ஆசிரியரும் இதனைத் தெளிவாக அறிந்திருத்தல் நலம்.

ஓர் எண்ணும் அதன் பொருளும்

அந்தமான் நிகோபார் தீவுகளைச் சூழ்ந்த இந்தியப் பொருளாதாரக் கடல் மண்டலம் ஏறக்குறைய 6 இலட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புடையது. இக்கடலில் ஆண்டுதோறும் 1.48 இலட்சம் டன் மீன் பிடிக்கலாம் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. உண்மையில் பிடிக்கப்படுவது இதில் பாதியைக்கூட எட்டியதில்லை. இவ்விரண்டு செய்திகளையும் அடுத்தடுத்துப் படிப்பவர், தீவுகளில் மீன் மிகுதியாயிருக்கிறது, பிடிப்பதற்கு ஆள்தான் இல்லை என்ற முடிவுக்கு எளிதில் வந்துவிடுவர். பல அறிக்கைகளும் பாடக்குறிப்புகளும் இந்த அளவோடு நின்றுவிடுகின்றன.

மதிப்பீட்டைப் பிரித்துப் பார்த்தால் நிலைமை வேறாகத் தோன்றும். 1.48 இலட்சம் டன்னில் ஏறத்தாழ 60,000 டன் சூரையும் அதன் இனத்தைச் சேர்ந்த மீன்களுமாகும். இவை ஆழ்கடலில் நெடுந்தொலைவு சஞ்சரிப்பவை. சிறு இயந்திரம் பொருத்திய ‘டிங்கி’யில் கரையோரம் தொழில் செய்பவருக்கு எட்டாதவை. பவளப்பாறை மீன்களோ தீவுகளை ஒட்டிய குறுகிய விளிம்பில் மட்டுமே வாழ்கின்றன. அவ்விளிம்பிலும் ஒரு பகுதி, 1983-இல் வண்டூரில் அமைக்கப்பட்ட மகாத்மா காந்தி கடல்வாழ் தேசியப் பூங்காவிலும் 1996-இல் அமைக்கப்பட்ட ராணி ஜான்சி கடல்வாழ் தேசியப் பூங்காவிலும் அடங்கியுள்ளது. மேலும், 2004 டிசம்பர் 26-ஆம் நாள் நிகழ்ந்த நிலநடுக்கத்தில் வட அந்தமானின் சில பாறைகள் மேலெழும்பி வெயிலிற் காய்ந்து மடிந்தன. 2010-இல் கடல் நீரின் வெப்பம் உயர்ந்தபோது பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. ஆகவே கடல் முழுவதற்குமான ஓர் எண்ணைக் கொண்டு பாறை மீனின் வளத்தை அளப்பது, மாவட்டத்தின் மொத்த மழையைக் கொண்டு ஒரு கிணற்றின் நீரை அளப்பதை ஒக்கும்.

பெண்ணாகத் தொடங்கி ஆணாக முடியும் வாழ்வு

களவா இனங்களிற் பெரும்பாலானவை முதலில் பெண்ணாகவே முதிர்ச்சியடைகின்றன. சில ஆண்டுகள் முட்டையிட்ட பின்னர், உடல் பருத்த நிலையில், அவற்றுள் சில ஆணாக மாறுகின்றன. சினைப்பை சிறிது சிறிதாக விந்துப்பையாக மாறும் இந்நிகழ்ச்சி ஒருமுறையே நடைபெறும். ஆணாகிய மீன் மீண்டும் பெண்ணாவதில்லை.

அலையாத்திக் காட்டுக் கழிகளில் இளமையைக் கழித்துப் பின் பாறைகளை அடையும் செம்புள்ளிக் களவாவை எடுத்துக்கொள்வோம். விஞ்ஞானிகள் இதனை எபிநெஃபெலஸ் கோயாய்டிஸ் என்பர். இதன் பெண் 25 முதல் 30 சென்டிமீட்டர் நீளத்தில், இரண்டு மூன்று வயதில், முதன்முறை சினைப்படுகிறது. ஆணாக மாறுவதோ 55 முதல் 75 சென்டிமீட்டர் வரை வளர்ந்த பின்னரே. இவ்விரு அளவுகளுக்கும் இடையிலுள்ள ஆண்டுகள் பல. அந்த இடைவெளியில் பிடிபடும் மீன் ஒவ்வொன்றும், வருங்காலத்து ஆண் ஒன்றாகக் கூடியதே.

இயற்கை இவ்வேற்பாட்டில் ஓரளவு தற்காப்பையும் வைத்துள்ளது. கூட்டத்திலுள்ள பெரிய ஆண் இறந்துபட்டால், அடுத்த நிலையிலுள்ள பெண் மீன் ஆணாக மாறத் தொடங்கும். ஆனால் மாற்றத்துக்குக் காலம் வேண்டும். மாறுவதற்குரிய பருமனை எட்டிய பெண்களும் வேண்டும். பிடிப்பு மிகுந்து இவ்விரண்டும் இல்லாமற் போகுமிடத்து, முட்டைகள் ஏராளமாய் இருந்தும் அவற்றைக் கருவுறச் செய்ய ஆண்கள் போதா. மெக்சிகோ வளைகுடாவில் ‘காக்’ எனப்படும் களவா இனத்தில் 1970-களில் நூற்றுக்குப் பதினேழாக இருந்த ஆண் மீன்களின் விகிதம், 1990-களில் நூற்றுக்கு இரண்டு என்ற அளவுக்கு வீழ்ந்தது. அங்கே மீன் பிடிபடுவது நின்றுவிடவில்லை. மீனவரின் கூடையைப் பார்த்தவருக்கு ஆபத்து தெரிந்திராது.

விருந்து மேசையும் தட்டின் அளவும்

ஹாங்காங் நகரமே உலகின் பாறை மீன் வணிகத்துக்குத் தலைநகர். அங்கும் சீனத்தின் தென்பகுதியிலும் மணவிருந்தில் முழுமீன் ஒன்றை அவித்துப் பரிமாறுவது மங்கலமெனக் கருதப்படுகிறது. சிவந்த நிறமுடைய பவளக் களவாவுக்கு மதிப்பு அதிகம். உணவகத் தொட்டியில் நீந்தும் மீனைச் சுட்டிக்காட்டி வாங்குவதும் அங்குள்ள வழக்கம். ஒரு மேசைக்கு ஒரு தட்டு, ஒரு தட்டுக்கு ஒரு மீன் என்ற கணக்கில், அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரையுள்ள மீனே மிகவும் விரும்பப்படுகிறது. செம்புள்ளிக் களவாவில் இந்த எடை ஏறக்குறைய 35 முதல் 43 சென்டிமீட்டர் நீளத்துக்குச் சமம். மேலே கூறிய அளவுகளோடு இதனை ஒப்பிட்டுப் பார்த்தால், தட்டுக்குப் பொருத்தமெனச் சந்தை தேர்ந்தெடுக்கும் மீன், முட்டையிடத் தொடங்கிச் சிறிது காலமே ஆன பெண் மீன் என்பது விளங்கும்.

அந்தமானிலிருந்து செல்வது பெரும்பாலும் உயிர் மீனன்று, பனிக்கட்டியிட்ட மீன். இதற்குப் பருமன் கட்டுப்பாடு அவ்வளவு கடுமையில்லை. துண்டுகளாக்கி விற்கப் பெரிய மீனும் ஏற்கப்படுகிறது. இதனை ஆறுதலாகக் கொள்வதற்கில்லை. ஒரு வாடிக்கையாளர் இளம் பெண் மீனைக் கேட்க, மற்றொருவர் முதிர்ந்த ஆண் மீனை ஏற்றுக்கொண்டால், பாறைக்கு எஞ்சுவது எதுவுமில்லை.

ஹாங்காங்கின் தேவை முதலில் தென்சீனக் கடலின் பாறைகளை நாடியது. அவை வறண்டபின் பிலிப்பைன்ஸ், அதன்பின் இந்தோனேசியா, பசிபிக் தீவுகள் என்று வணிகம் விரிந்துகொண்டே சென்றது. இந்தியாவுக்கு அண்மையிலுள்ள மாலத்தீவில் ஏற்றுமதிக்கான களவா மீன்பிடிப்பு 1993-ஐ ஒட்டித் தொடங்கியது. பிற்காலத்தில் அங்கு அளந்து பார்த்தபோது, சில இனங்களில் பிடிபட்டவற்றுள் பெரும்பகுதி முதிர்ச்சியே அடையாதவை எனத் தெரிந்தது. ஓரிடம் குறைந்தால் மற்றோரிடம் செல்வது வணிகருக்கு இயலும். மீனவர் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டியவர்.

இத்தீவுகளுக்கு இது முதல் அனுபவமுமன்று. 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜப்பானிய மூழ்காளர்கள் அந்தமான் பாறைகளில் டிரோக்கஸ் என்னும் கூம்புச் சங்கைத் திரட்டத் தொடங்கினர். வெளிநாட்டுச் சட்டைகளுக்குப் பொத்தான் செய்ய அதன் ஓடு வேண்டியிருந்தது. இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எச். சீனிவாச ராவ் அச்சங்கின் வளர்ச்சியையும் வாழிடத்தையும் ஆராய்ந்து 1936, 1937 ஆண்டுகளில் கட்டுரைகள் வெளியிட்டார். பின்னர் கீழ்த்திசை நாடுகளின் உணவுக்காகக் கடல் அட்டையும் திரட்டப்பட்டது. இரண்டும் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளில் சேர்க்கப்பட வேண்டியனவாயின. களவா இனங்களுள் மிகப்பெரியதாகிய இராட்சதக் களவாவும் அதே ஆண்டு அட்டவணையில் இடம்பெற்றது. மற்றக் களவாக்களுக்கு அத்தகைய காப்பு இல்லை.

கூடுமிடம்

ஆண்டின் பெரும்பகுதியில் தனித்து வாழும் களவா, முட்டையிடும் பருவத்தில் மட்டும் நெடுந்தொலைவு நீந்திவந்து குறிப்பிட்ட ஓரிடத்தில் கூட்டமாகக் கூடுகிறது. இடமும் மாதமும் திங்களின் பிறை நாளும் ஆண்டுதோறும் மாறுவதில்லை. எல்லா இனங்களும் இவ்வாறு கூடுவனவல்ல. விலை மிகுந்த பவளக் களவாவும், கரும்பழுப்புக் களவாவும் கூடுகின்றன. பல சதுர கிலோமீட்டர்ப் பரப்பில் சிதறியிருந்த மீன்கள் சில நாட்களுக்கு ஒரு பாறை முனையில் திரண்டிருப்பதால், அவ்விடத்தை அறிந்தவருக்கு அன்றைய பிடிப்பு மிகப் பெரிதாயிருக்கும். ஆனால் அது பல பாறைகளின் முதல், ஒரே நாளில் செலவழிக்கப்பட்டதாகும்.

கரிபியக் கடலிலுள்ள லிட்டில் கேமன் தீவில் 2001-இல் நாசா களவாக்கள் ஆயிரக்கணக்கிற் கூடும் இடமொன்று கண்டறியப்பட்டது. இரண்டே பருவங்களில் பல்லாயிரம் மீன் பிடிக்கப்பட்டு, எஞ்சியது சிறுபகுதி. 2003-இல் அரசாங்கம் முட்டையிடும் பருவத்தில் அங்கு மீன்பிடிப்பதைத் தடைசெய்தது. பல ஆண்டுகள் எந்த மாற்றமும் தென்படவில்லை. பின்னர் தொகை விரைந்து பெருகி, ஏறத்தாழ 15 ஆண்டுகளில் பழைய அளவை நெருங்கியது. தடைவிதித்த மூன்றாம் ஆண்டிலேயே பயனில்லை என்று கைவிட்டிருந்தால் இந்த விளைவைக் கண்டிருக்க முடியாது.

நம் நாட்டிலேயே, இலட்சத்தீவைச் சேர்ந்த பித்ரா என்னும் சிறு தீவின் அருகில், புதுநிலவை ஒட்டிப் பவளக் களவாக்கள் கூடுமிடமொன்றை மைசூரிலுள்ள ‘நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன்’ ஆய்வாளர்கள் 2010-களில் விரிவாக ஆராய்ந்தனர். மீனவர் தொகை மிகக் குறைந்த தீவாதலின் அக்கூட்டம் அதுவரை ஏறக்குறைய தீண்டப்படாமல் இருந்தது; ஒரு ஹெக்டேருக்கு ஆயிரக்கணக்கான மீன்கள் என்ற அடர்த்தி அங்கே காணப்பட்டது. வணிகத்துக்கான பிடிப்பு அங்கும் எட்டியபோது மீன்களின் அடர்த்தி குறைந்ததோடு, அவை துணை தேடும் முறையும் மாறியது என்பது அவர்கள் கண்டது.

தீவுக்கு வரும் விருந்தினர்

ஏற்றுமதியை மட்டும் குறை கூறுதல் முறையாகாது. அந்தமானுக்கு வரும் சுற்றுலாப் பயணிகளின் தொகை 2018-இல் ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. தீவுகளின் மொத்த மக்கள் தொகையைவிட இது அதிகம். ஹேவ்லாக் என முன்னர் வழங்கிய ஸ்வராஜ் தீவின் உணவகங்களில் இவர்கள் கேட்பவை சிங்கி இறாலும், பெரிய நண்டும், முழுதாய்ச் சுட்ட பாறை மீனுமே. இவர்களுள் தமிழகத்திலிருந்து செல்பவரும் பலர். தம் ஊரில் மத்தியும் நெத்திலியும் உண்பவர், தீவுக்கு வந்த மூன்று நாளும் பாறை மீனையே நாடுகின்றனர்.

இதில் ஒரு விந்தையுண்டு. ஏற்றுமதியாகும் சிங்கி இறாலுக்கு மத்திய அரசாங்கம் 2003-இல் குறைந்தபட்ச எடையை வரையறுத்தது: வரிச்சிங்கிக்கு 200 கிராம், சேற்றுச்சிங்கிக்கு 300 கிராம், மணிச்சிங்கிக்கு 500 கிராம். இது ஏற்றுமதிக்குரிய விதி. துறைமுகத்தில் திருப்பியனுப்பப்படும் சிறு சிங்கி, நாட்டிற்குள் உணவகத் தட்டில் இடம்பெறுவதை இவ்விதி தடுக்காது. வெளிநாட்டு நுகர்வோருக்கு விதித்த ஒழுங்கை உள்நாட்டு நுகர்வோருக்கு விதிக்காமல் விட்டது குறைபாடே.

மாற்று வழிகளும் அவற்றின் எல்லையும்

வாங்குவோரின் தேவையே மீன்வளத்தைக் காத்த சான்றும் நம் நாட்டில் உண்டு. கேரளத்து அஷ்டமுடிக் காயலில் மட்டி சேகரிப்பு 1981-இல் ஏற்றுமதியை முன்னிட்டு வளர்ந்தது. 1991-இல் 10,000 டன் வரை உயர்ந்து, 1993-இல் பாதியாகச் சரிந்தது. பின்னர் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை சேகரிப்பு நிறுத்தப்பட்டது. வலைக்கண்ணின் அளவும், ஏற்றுமதிக்குரிய மட்டியின் பருமனும் வரையறுக்கப்பட்டன. 2014-இல் கடல்வளப் பொறுப்பாண்மைக் குழுமம் என்னும் சர்வதேச அமைப்பின் சான்றிதழை இம்மட்டி பெற்றது. இந்திய மீன்வளங்களுள் அதனை முதலிற் பெற்றது இதுவே. மட்டி இருந்த இடத்தில் இருப்பது, விரைவில் வளர்வது, சேகரிப்போரும் ஒரே காயலைச் சேர்ந்தவர். களவாவுக்கு இவை எதுவும் பொருந்தா என்பதையும் உடன் நினைவிற் கொள்ள வேண்டும்.

களவாவுக்கு நெருங்கிய உதாரணம் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலம். அங்கும் பவளக் களவா ஹாங்காங் சந்தைக்கே பிடிக்கப்படுகிறது. 38 சென்டிமீட்டருக்குக் குறைந்ததைப் பிடித்தல் கூடாது. 2004 முதல் வணிகப் பிடிப்புக்கு ஆண்டு உச்சவரம்பு உண்டு. அக்டோபரிலும் நவம்பரிலும் புதுநிலவை ஒட்டி ஐந்தைந்து நாட்கள் பாறை மீன் பிடிப்பு நிறுத்தப்படுகிறது. நம் கிழக்குக் கரைக்கும் அந்தமானுக்கும் உரிய 61 நாள் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையாகும். அது பெரும் படகுகளை முன்னிட்டு வகுக்கப்பட்டது. கைத்தூண்டில் களவாவை முன்னிட்டன்று.

பருமன் வரம்பு மட்டும் போதுமா எனின், போதாது. ஆழத்திலிருந்து தூண்டிலில் விரைந்து இழுக்கப்படும் களவாவின் காற்றுப்பை விரிந்து, இரைப்பை வாய்வழியே பிதுங்கிவிடும். சிறியதென்று அதனைத் திரும்பக் கடலில் விட்டாலும் பல பிழைப்பதில்லை. கூடுமிடத்தையும் கூடும் நாட்களையும் விட்டு விலகுவதே உறுதியான காப்பு.

மீன்வளர்ப்பும் ஓரளவு துணைசெய்யும். மலேசியாவில் கரும்பழுப்புக் களவாவையும் இராட்சதக் களவாவையும் கலந்து உண்டாக்கிய கலப்பினம் இன்று ஆசியச் சந்தைகளில் மலிந்துள்ளது. நம் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும் விசாகப்பட்டினத்தில் செம்புள்ளிக் களவாவைப் பொரிக்கச் செய்துள்ளது. எனினும் வளர்ப்புக் களவா பிற மீனைத் தின்று வளர்வது; அதற்கிடும் சிறு மீனும் கடலிலிருந்தே வரவேண்டும். மற்றொரு வழி ஆழ்கடற் சூரை. 2024-இல் அந்தமான் நிகோபார் தீவுகள் மத்திய அரசாங்கத்தின் திட்டத்தில் சூரைத் தொகுதியாக அறிவிக்கப்பட்டன. பச்சையாக உண்ணும் ஜப்பானியச் சந்தைக்குச் சூரையைப் பிடித்தவுடன் குருதி வடித்து உடனே குளிரூட்ட வேண்டும். அதற்குரிய படகும் குளிர்வசதியும் டிங்கி மீனவர் கைக்கு எட்டினாலன்றி, அவர் தூண்டில் பாறையை விட்டு அகலாது.

மீன்துறையில் அளக்க வேண்டியவை

களப்பணியாளரின் பதிவேட்டில் ‘களவா — 100 கிலோ’ என்று இரண்டு நாட்கள் எழுதப்பட்டிருப்பதாகக் கொள்வோம். முதல் நாள் வந்தவை இரண்டரைக் கிலோ எடையுள்ள 40 மீன்கள். மறுநாள் வந்தவை 625 கிராம் எடையுள்ள 160 மீன்கள். செம்புள்ளிக் களவாவாயின், முன்னவை சுமார் 58 சென்டிமீட்டரும், பின்னவை சுமார் 37 சென்டிமீட்டரும் நீளமுடையவையாகும். முதல் நாட் கூடையில் ஆணாக மாறியவையும் மாறுபவையும் இருக்கும். இரண்டாம் நாட் கூடையில் பெரும்பாலும் ஓர் ஆண்கூட இராது. பதிவேடு இரண்டு நாட்களையும் ஒன்றெனவே காட்டும். ஆசிரியர்கள் இக்கணக்கை எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளிற் கரும்பலகையில் போட்டுக்காட்டலாம். விகிதப் பாடத்துக்கும் உயிரியல் பாடத்துக்கும் ஒருங்கே பயன்படும்.

எனவே எடையோடு நீளமும் குறிக்கப்பட வேண்டும். ஓர் அளவுப் பலகையும் பென்சிலும் இதற்குப் போதும். ஒவ்வொரு படகிலும் பத்து மீன்களை, பெரிது சிறிது என்று தேர்ந்தெடுக்காமல், கைக்கு வந்தபடி எடுத்து அளக்கலாம். ‘களவா’ என்று பொதுவாக எழுதாமல் இனத்தைப் பிரித்தெழுதுதல் அவசியம். பவளக் களவாவும் செம்புள்ளிக் களவாவும் வெவ்வேறு பருமனில் முதிர்பவை. உள்ளூரில் குடல் நீக்கப்படும் மீன்களில் சினை திரண்டிருக்கிறதா என்பதையும், அன்றைய பிறையையும் குறித்துவந்தால், மூன்று நான்கு ஆண்டுப் பதிவிலிருந்து முட்டையிடும் மாதம் தானே வெளிப்படும்.

ஒரே படகு, ஒரே நாளில், வழக்கத்துக்கு மாறாகச் சினைப்பட்ட பெருங்களவாக்களை மிகுதியாகக் கொண்டுவருமாயின் அந்நாளைத் தனியே அடிக்கோடிட்டு வைக்க வேண்டும். அதன் அடுத்த ஆண்டு, அதே பிறையில், அதே படகு எத்திசைக்குச் செல்கிறது என்று விசாரிப்பது களப்பணியாளரின் வேலை. இடத்தைச் சொல்ல மீனவர் தயங்குவர்; அது அவருடைய பிழைப்பு. ஆகவே கேட்டறிந்த இடத்தைப் பதிவேட்டின் பொதுப் பக்கத்தில் எழுதாமல், பொறுப்புள்ள அலுவலரிடம் மட்டும் தெரிவித்தல் முறை. வெளிவந்த இடத்துக்கு மறுபருவத்தில் இருபது படகுகள் போய்ச் சேரும்.